தொட்டியில் மிதந்த மேக்ஸ்வெல்லை வரைந்தவர்

கேள்வி இது: “விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பெண்கள் எல்லாருமே வாட்டர்கலர் வரைந்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள், விருந்தாளிகள், நாய்க்குட்டி, பிக்னிக் என்று ஆல்பம் ஆல்பமாகக் கிடக்கிறது. இதெல்லாம் பொழுதுபோக்குதானே? இன்றைக்கு அதை யாராவது உட்கார்ந்து பார்க்க என்ன காரணம் இருக்கிறது?”

பெரும்பாலானவற்றைப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். பியானோ, பிரெஞ்சு, பூத்தையல் வரிசையில் நீர்வண்ணமும் கல்யாணச் சந்தைக்கான ஒரு தகுதியாக இருந்த காலம் அது. கற்றுக்கொடுக்க வந்த மாஸ்டர் வரைந்து காட்டிய பாழடைந்த கோட்டையையே பார்த்து, அதே கோட்டையை வரைந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் கண்ணால் பார்த்ததை மட்டுமே வரைந்த சிலர் இருந்தார்கள். அப்படி ஒருவரை வைத்துப் பதில் சொல்கிறேன்: ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜெமைமா பிளாக்பர்ன். இவரைத் தேர்ந்தெடுக்க ஒரு சௌகரியமான காரணமும் உண்டு. இவர் வரைந்த “உறவுக்காரப் பையன்” பிற்காலத்தில் இயற்பியல் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டார்.

அதற்கு முன், ஏன் நீர்வண்ணம் என்பதையும் பார்த்துவிடலாம். எண்ணெய் வண்ணத்துக்குத் தனி அறை வேண்டும், டர்பன்டைன் நாற்றத்தைப் பொறுக்க வேண்டும், காய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீர்வண்ணத்துக்கு வரவேற்பறை மேசையின் ஒரு மூலையும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். பழைய வண்ணக் கட்டிகள் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். தட்டில் தண்ணீர் விட்டு உரைத்து எடுக்க வேண்டும். 1832-இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி 1835-இல் ஈரப்பதம் காக்கும் வண்ணங்களைக் கொண்டுவந்தது. தூரிகையை நனைத்துத் தொட்டால் உடனே வண்ணம் வந்தது. கையடக்கமான தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு படகிலும் வண்டியிலும் போய் உட்காரலாம் என்றானது. இன்னொரு பக்கம், முறையான ஓவியப் படிப்பின் கதவு சாத்தியிருந்தது. ராயல் அகாடமியின் பள்ளியில் முதல் பெண் நுழைந்தது 1860-இல்தான். அதுவும் லாரா ஹெர்ஃபோர்ட் என்பவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டு விண்ணப்பித்ததால், ஆண் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு பெண்ணுக்கு வரையக் கிடைத்த மாடல்கள் யார்? வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்கு வருபவர்கள், முற்றத்தில் மேய்வது. அவ்வளவுதான்.

சரி, ஜெமைமாவுக்கு வருவோம். 1823 மே மாதம் எடின்பரோவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் வெடர்பர்ன் ஸ்காட்லாந்தின் சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞர். மகள் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். தாய் இசபெல்லா, 31 ஹெரியட் ரோ என்ற வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார். இசபெல்லாவின் தம்பி ஜான் கிளார்க் மேக்ஸ்வெல்லுக்கு நாட்டின் தென்மேற்கில் கிளென்லேர் என்ற பண்ணை. அந்தத் தம்பியின் ஒரே மகன் ஜேம்ஸ், 1831-இல் பிறந்தவன். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் சில சமன்பாடுகளில் கட்டிப்போட்டாரே, அந்த மேக்ஸ்வெல்தான். ஜெமைமா அவருக்கு அத்தை மகள், எட்டு வயது மூத்தவர்.

கோடையில் கிளென்லேருக்குப் போகும்போதெல்லாம் ஜெமைமா நோட்டும் கையுமாகத்தான் இருப்பார். 1837-இல் அங்கே அறுவடை முடிந்து களஞ்சியத்தில் ஆட்டம். ஒரு பிடில்காரர் வாசிக்கிறார், பண்ணை ஆட்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். பதினான்கு வயது ஜெமைமா இதை வரைகிறார். படத்தில் ஆறு வயது ஜேம்ஸ் எங்கே? ஆட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பிடில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு வில் எப்படிப் போய்வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பையன் பின்னாளில் யாராகப் போகிறான் என்பது வரைந்தவருக்குத் தெரியாது. “மேதையின் பிள்ளைப்பருவம்” என்று திட்டமிட்டு வரைந்ததில்லை. கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறான், அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மேக்ஸ்வெல் இறந்தபின் அவருடைய நண்பர்கள் எழுதி 1882-இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் ஜெமைமாவின் கோட்டோவியங்களையும் சேர்த்தார்கள். மேக்ஸ்வெல் புகழ் பெற்றபின் நினைவிலிருந்து கூட்டிச் சொன்ன கதைகள் அந்தப் புத்தகத்தில் நிறையவே இருக்கும். இவையோ அந்தந்த நாளில் வரைந்தவை. வித்தியாசம் பெரியது.

இன்னொரு படம் 1841-இல் வரைந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜேம்ஸுக்கு எட்டு வயதில் தாய் போய்ச்சேர்ந்துவிட்டார். பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்ல ஒரு இளவட்டத்தை அமர்த்தினார் தந்தை. அந்த வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே கற்பித்தல் முறை காதைத் திருகுவதும் ரூல்தடியால் தலையில் அடிப்பதும். ஒருநாள் ஜேம்ஸ் துணி துவைக்கும் மரத்தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாத்துக் குளத்தில் இறக்கி, அதற்குள் உட்கார்ந்து நடுக்குளத்துக்குப் போய்விட்டான். கரையில் வாத்தியார் நீளமான ஒரு வாரியை நீட்டித் தொட்டியைக் கரைக்கு இழுக்கப் பார்க்கிறார். வீட்டார் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம் கொஞ்சம் யோசித்தால் அது ஒரு சாட்சியம் என்பது புரியும். அந்த வாத்தியாரின் கொடுமை எல்லை மீறியது பெரியவர்களுக்குத் தெரிந்து, அதே ஆண்டு நவம்பரில் ஜேம்ஸை எடின்பரோ அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தங்கியது அத்தை வீட்டில், அதாவது ஜெமைமா இருந்த அதே ஹெரியட் ரோ வீட்டில். தந்தையே திட்டம் போட்டுத் தைக்கவைத்த விசித்திரமான சட்டையும் சதுர நுனி வைத்த செருப்பும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையனைப் பிள்ளைகள் முதல் நாளே ஒருவழியாக்கிவிட்டார்கள். கிழிந்த சட்டையோடு வீடு திரும்பினான். பள்ளியில் ஒட்டிய பட்டப்பெயர் “டாஃப்டி”, நம் பாஷையில் அரைலூசு.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: புகைப்படம் வந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்தக் கோட்டோவியம்? தேதிகளை ஒட்டிப் பாருங்கள். டகேரும் டால்பட்டும் தங்கள் முறைகளை உலகுக்கு அறிவித்ததே 1839-இல்தான். களஞ்சிய ஆட்டம் நடந்தபோது கேமரா என்ற பேச்சே இல்லை. 1841-இல் இருந்த கேமராவுக்கும் ஆள் நல்ல வெளிச்சத்தில் வெகுநேரம் அசையாமல் உட்கார வேண்டும். தண்ணீரில் ஆடும் தொட்டியும் அதற்குள் ஒரு பத்து வயதுப் பையனும் அதற்குச் சரிப்பட்டு வருமா? விக்டோரியா காலத்து ஆட்கள் எல்லாரும் உம்மென்று இருந்தார்கள் என்று நாம் நினைப்பதற்கு ஸ்டூடியோ படங்கள்தான் பாதிக் காரணம். அவர்கள் சிரித்ததும் ஓடியதும் சேற்றில் விழுந்ததும் பதிவாகியிருப்பது இந்த மாதிரி ஆல்பங்களில்தான். கேள்விக்கு என்னுடைய முக்கியமான பதிலும் இதுவே. பணம் வாங்கி உருவப்படம் வரைகிறவருக்கு ஆள் தயாராகி வந்து உட்காருவார். அத்தை மகளுக்கு முன்னால் யாரும் தயாராவதில்லை.

ஹெரியட் ரோ வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையும் சுவாரசியமானது. ஜெமைமா அப்போது மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் கலையைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய உளிகளை எடுத்து ஜேம்ஸும் செதுக்கிப் பார்த்தான். அந்தக் காலத்தில் ஒரு சுழல்தட்டு விளையாட்டுச் சாமான் பிரபலம். வட்டமான அட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரே உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வரைந்து, தட்டைச் சுழற்றிச் சந்து வழியாகப் பார்த்தால் உருவம் அசையும். சினிமாவுக்குப் பாட்டன் முறை. ஜேம்ஸ் அதற்கு யோசனை சொல்ல, ஜெமைமாவின் கை உதவியது. முட்டையிலிருந்து தலைப்பிரட்டை நெளிந்து வருவது, பசு நிலாவைத் தாண்டிக் குதிப்பது எல்லாம் அப்படிச் செய்த தட்டுகள். அசைவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒரு ஓவியருக்கு எவ்வளவு பெரிய பயிற்சி என்பதை இதை ஒருமுறை வரைந்து பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லண்டனில் மிருகங்களை வரைவதில் அன்று கொடிகட்டிப் பறந்தவர் எட்வின் லாண்ட்சீர். ஜெமைமாவின் படங்களைப் பார்த்துவிட்டு, விலங்குகளை வரைவதில் இவருக்குக் கற்றுத்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். பெரிய மனிதர்கள் இளம்பெண்களிடம் முகஸ்துதியாகச் சொல்லும் ரகம் என்று தள்ளிவிடவும் செய்யலாம். ஆனால் பறவைப் படங்களைப் பார்த்தால் அப்படித் தள்ள மனம் வராது.

1849-இல் ஹ்யூ பிளாக்பர்னைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹ்யூ அதே ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். இரண்டு திசை அசைவுகளையும் சேர்த்துக் கோலம் போடும் “பிளாக்பர்ன் ஊசல்” இவர் பெயரில் இருப்பது. அவருடைய கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஆக, கல்யாணத்துக்குப் பிறகும் ஜெமைமாவைச் சுற்றி விஞ்ஞானிகள் கூட்டம்தான். 1854-இல் மேற்குக் கடற்கரையில் ரோஷ்வென் என்ற இடத்தை வாங்கினார்கள். லோக் ஐலார்ட் என்ற கடற்கழியின் ஓரம், பின்னால் மலை. மோட்டார் போகிற சாலை அந்தப் பக்கம் வந்ததே 1960-களில்தான். அன்று போவதும் வருவதும் படகில். நான்கு பிள்ளைகளும் கோடைகளில் அங்கே வளர்ந்தார்கள். விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1871-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வினின் “லல்லா ரூக்” பாய்மரப் படகில் வந்து இறங்கினார். கூட்டத்தில் பேச்சுக்கு நடுவிலும் தாம்சன் நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவதைப் பற்றி அந்தப் பயணத்தில் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் அவர் குறிப்பிடுகிறார். வீட்டம்மா ஒருவர் விருந்துபசாரத்துக்கு நடுவில் தூரிகையை எடுத்தால் அதையும் யாரும் விநோதமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் கடலில் குளிப்பது, படகு ஏற்றுவது, மீன்பிடிப்பு, நடைப்பயணம் என்று அன்றாடத்தை வரைந்து வரைந்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தார். 1878-இல், ஐம்பத்தைந்து வயதில், ஜான் பர்ன்ஸ் என்ற கப்பல் முதலாளியின் “மாஸ்டிஃப்” நீராவிப் படகில் பதினாறு பேரோடு ஐஸ்லாந்துக்குப் போனார். கூட வந்தவர் நாவலாசிரியர் ஆன்டனி டிரலோப். மட்டக்குதிரைகளில் ஏறி வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போன அந்தப் பயணத்தை டிரலோப் எழுத, ஜெமைமா படம் போட, பர்ன்ஸ் தனிப்பட்ட முறையில் அச்சிட்டார்.

ஆனால் இவரைப் பற்றிச் சொல்லும்போது 1871 கோடையில் நடந்த இன்னொன்றை விட்டுவிட முடியாது. ரோஷ்வெனில் தரையில், ஒரு சரிவில் நெட்டைக்காலி என்ற சின்னப் பறவையின் கூடு. அதில் குயில் முட்டை. (இது ஐரோப்பாவின் குக்கூ குயில். காக்கைக் கூட்டில் முட்டையிடும் நம் ஊர்க் கருங்குயிலின் குஞ்சு பொதுவாகக் காக்கைக் குஞ்சுகளைத் தள்ளிவிடுவதில்லை.) அடுத்தமுறை ஜெமைமா போய்ப் பார்த்தபோது குயில் பொரிந்திருந்தது. நெட்டைக்காலிக் குஞ்சுகள் கூட்டுக்கு வெளியே சரிவில் உயிரோடு கிடந்தன. ஒன்றை எடுத்துத் திரும்பவும் கூட்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குயில் குஞ்சுக்கு இறகு என்று ஒன்றுமே இல்லை, கண் திறக்கவில்லை, கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலுவும் இல்லை. அது மெல்ல நகர்ந்து மற்றக் குஞ்சுக்கு அடியில் முதுகைக் கொடுத்தது. கூட்டின் திறந்த பக்கம் எதுவோ, நேராக அந்தப் பக்கமாகப் பின்வாட்டில் ஏறியது. கால்களை அகட்டி, நகங்களைக் கூட்டின் உட்சுவரில் ஊன்றிக்கொண்டு, குஞ்சை விளிம்பில் ஏற்றி, இறக்கைக் குருத்துகளால் இடித்து வெளியே தள்ளியது. அத்தோடு விடவில்லை. ஓரிரு நிமிடம் அப்படியே நின்று, இறக்கைகளால் பின்னால் துழாவி, போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டுதான் கூட்டின் அடியில் படுத்தது. அந்தக் கண்தெரியாத குட்டிப் பூதம், தள்ளினால் சரிவில் உருண்டுபோகக்கூடிய ஒரே பக்கத்தை எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். அங்கேயே வரைந்துகொண்டார்.

இது ஏன் பெரிய விஷயம்? பெரியம்மைத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் 1788-லேயே இதை எழுதிவிட்டார். பலர் நம்பவில்லை. பிறந்து ஓரிரு நாளான குஞ்சுக்கு இது முடியுமா, தாய்ப்பறவைதான் தள்ளுகிறது என்றார்கள். பறவை நூல்களில் அன்றைய பெரும்பெயரான ஜான் கூல்டும் சந்தேகப்பட்டவர்தான். ஜெமைமா தன் விவரத்தையும் படத்தையும் வெளியிட்டார். 1872-இல் “நேச்சர்” இதழிலும் வந்தது. கூல்ட் கருத்தை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு வந்த டார்வினின் “உயிரினங்களின் தோற்றம்” நூலின் ஆறாம் பதிப்பில், கண் திறக்காத குயில் குஞ்சு மற்றவற்றைத் தள்ளுவதை நேரில் பார்த்த நம்பகமான செய்தி கூல்டுக்குக் கிடைத்திருக்கிறது என்று ஒரு வரி சேர்ந்தது. பார்த்தவர் பெயர்தான் அந்த வரியில் இல்லை.

களஞ்சியத்தில் ஆறு வயதுப் பையன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கவனித்த அதே கண்தான் குயில் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று கவனித்தது. “வீட்டுப் படங்கள்” ஒரு பக்கம், “அறிவியல் படங்கள்” ஒரு பக்கம் என்று பிரித்து, இரண்டாவதை மட்டும் மதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவதில் முப்பது வருடம் பழகிய கை இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரோஷ்வெனை இவர் பார்த்தது நிலச்சொந்தக்காரர் வீட்டிலிருந்து. உருளைக்கிழங்குப் பஞ்சமும் குடியானவர்கள் வெளியேற்றமும் அந்தக் கடற்கரையை உலுக்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. படகு வலிக்கிறவரும் ஆடு மேய்க்கிறவரும் இவர் படங்களில் வருகிறார்கள், ஆனால் மேக்ஸ்வெல்லுக்குக் கிடைத்த மாதிரி தனித்த ஒரு குணம் அவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம். அந்த வகையில் இவருக்கு மூத்தவரான யார்க் நகரத்து மேரி எல்லன் பெஸ்டை ஒரு படி மேலே வைப்பேன். சமையலறை, பாத்திர அலமாரி, வேலைக்காரர்கள், தன் ஓவிய அறை என்று ஒரு வீட்டின் எல்லாப் பகுதிக்கும் சமமான கவனம் கொடுத்தவர் அவர். 1840-இல் ஜெர்மன் ஆசிரியர் ஒருவரை மணந்து அந்நாட்டுக்குப் போனார். பிள்ளைகள் பிறந்தபின் தூரிகை மெல்ல நின்றுபோனது. ஜெமைமாவுக்கு அது நிற்கவில்லை. வசதி, வேலையாட்கள், கண்டுகொள்ளாத கணவர் எல்லாம் சேர்ந்த அதிர்ஷ்டம்.

அப்படியானால் ஏன் மறந்துபோனார்கள்? புத்தகங்களில் அவர் பெயர் “மிசஸ் ஹ்யூ பிளாக்பர்ன்”, படங்களில் வெறும் “ஜே.பி.” தேடுகிறவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரிய வேண்டும். படங்கள் குடும்ப ஆல்பங்களிலேயே தங்கிவிட்டன. அவருடைய நினைவுக் குறிப்புகளும் ஓவியங்களும் சேர்ந்து நூலாக வந்தது 1988-இல், அவர் இறந்து எழுபத்தொன்பது வருடம் கழித்து.

ஒரு சின்னப் பெண் மட்டும் மறக்கவில்லை. 1876-இல் பத்தாவது பிறந்தநாளுக்குத் தந்தை வாங்கித்தந்த பரிசு, இயற்கையைப் பார்த்து ஜெமைமா வரைந்து 1862-இல் முதலில் வெளியிட்ட பறவைப் புத்தகம். கையைக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்று வீட்டில் கட்டளை. அந்தப் பெண் பியாட்ரிக்ஸ் பாட்டர், குழந்தைக் கதைகளில் வரும் முயல் பீட்டரைப் படைத்தவர். 1891-இல் ஜெமைமாவை நேரிலும் சந்தித்தார். டயரியில் புகழ்ந்து எழுதிவிட்டு, பிளாக்பர்ன் அம்மாவின் பறவைகள் பழைய மர அச்சு ஓவியர் தாமஸ் பியூவிக்கின் பறவைகள் அளவுக்குக் காலூன்றி நிற்பதில்லை, ஆனால் பியூவிக்கை விட்டால் இவருக்குப் போட்டி வேறு யாரும் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். 1908-இல் பாட்டர் தன் கதையில் ஒரு வாத்துக்கு ஜெமைமா என்று பெயர் வைத்ததை இந்தப் பழக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வாத்தின் புத்திசாலித்தனத்தை நினைத்தால் அது மரியாதையா கேலியா என்பது வேறு விஷயம்.

எங்கே பார்ப்பது என்று கேட்டால்: எடின்பரோ போக வாய்த்தால் 14 இந்தியா ஸ்ட்ரீட், மேக்ஸ்வெல் பிறந்த வீடு. அங்கிருக்கும் மேக்ஸ்வெல் அறக்கட்டளை ஜெமைமாவின் கிளென்லேர் காட்சிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. போக முடியாதவர்களுக்கு 1882 வாழ்க்கை வரலாறு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்கேன் பிரதிகளில் படங்கள் கறுப்பாக அப்பியிருக்கும். இரண்டு மூன்று பிரதிகளைத் திறந்து, களஞ்சிய ஆட்டம் தெளிவாக வந்திருப்பதைப் பாருங்கள்.